ஒரு கட்டம் கீழே

எண்சாண் உடம்பு என்பார்கள்.
எனக்குக் கிடைத்தது முப்பத்திரண்டு கட்டம்,
அகலம் பதினாறு.
அதற்குள் ஒருவன் நிற்க வேண்டும், நடக்க வேண்டும்,
கலங்கரை விளக்கின் படிகளில் ஏற வேண்டும்,
முடிந்தால் கொஞ்சம் கவலைப்படவும் வேண்டும்.

முதல் வாரம் புத்தகத்தில் இருந்தபடியே வரைந்தேன்:
தலையைப் போல் எட்டு மடங்கு உயரம்,
முழங்கை இடுப்புக்கு நேர்,
விரல்நுனி நடுத்தொடைக்கு.
எல்லாம் சரி.
தலைக்கு நாலே கட்டம்.
கண் வைத்தால் வாய்க்கு இடமில்லை,
வாய் வைத்தால் குருடன்.
நிரல் எழுதும் ஐனார்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"தீக்குச்சி. அதுவும் எரிந்து முடிந்தது."

சரி, சிரசே பிரதானம் என்று இறங்கிவந்தேன்.
தலைக்குப் பன்னிரண்டு கட்டம்.
கழுத்தை விற்றுக் கண் வாங்கினேன்.
முழங்காலுக்கு ஒரே ஒரு வெளிர்நீலம்;
கால்சட்டை அங்கே தேய்ந்திருக்கிறது
என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

பகலில் நான் டிராமில் டிக்கெட் பரிசோதிப்பவள்.
லியபாயாவில் ஒரே ஒரு தடம்,
அதனால் அதே உடம்புகள் திரும்பத் திரும்ப வரும்.
ஜனவரியில் யாருக்கும் எலும்பு கிடையாது.
கோட்டுப் போட்ட பீப்பாய்கள் அட்டையை நீட்டும்,
பார்த்து அனுப்புவேன்.
ஜூலையில் கடற்கரையிலிருந்து ஏறுவார்கள்,
மணல் ஒட்டிய முழங்கால்களோடு.
அப்போதுதான் கண்டேன்,
பக்கவாட்டில் கால் ஒரு நேர்கோடே இல்லை:
தொடை முன்னே வருகிறது,
கெண்டைக்கால் ஓர் அடி பின்வாங்கி நிற்கிறது,
சண்டையில் சமாதானம் பேசப் போனவன் மாதிரி.
ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவளுக்கு
இடுப்பு அந்தப் பக்கம் ஏறும்,
தோள் அதே பக்கம் இறங்கும்.
"என்ன பார்க்கிறீர்கள்?" என்றாள் ஒருத்தி.
"டிக்கெட்" என்றேன்.

கைதான் வரவே இல்லை.
வரைய வரைய விலாவோடு ஒட்டிக்கொண்டது.
நிழல் போட்டேன், விளிம்பு போட்டேன், வைதேன்.
ஒரு ராத்திரி அலுப்பில்
முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே
ஒரு கட்டத்தை அழித்தேன்.
பின்னாலிருந்த கடல் தெரிந்தது.
கை வந்துவிட்டது.

ஆனால் ஓட்டம்?
ஆறு படங்கள், ஆறும் அளவு பிசகாதவை.
பனிக்கட்டியில் வழுக்குகிற அலமாரி.
"இவன் ஓடவில்லை,
யாரோ தள்ளுகிறார்கள்" என்றான் ஐனார்ஸ்.

செப்டம்பரில், சந்தை நிறுத்தத்துக்கு முன்னால்,
ஹாக்கிப் பையோடு ஒரு பையன்.
கேட்டேன்.
கையைப் பாக்கெட்டில் விட்டு உண்மையாகவே தேடினான்.
கண் அசையவில்லை, பாதம் அசையவில்லை.
இடது தோள் மட்டும் இறங்கியது,
ஒரு கட்டம்.
கதவு இன்னும் திறக்கவில்லை.
குறுக்கே நின்றிருக்கலாம்,
பதினோரு வருஷமாக அப்படித்தான் நிற்கிறேன்.

விலகி நின்றேன். எண்ணினேன்.
தோள் இறக்கம். முழங்கால் மடிப்பு. உந்தல்.
இரண்டு பாதமும் காற்றில்,
பை முதுகைவிட்டு எழும்பித் தாமதமாக இறங்குகிறது,
குதிகால், மறுபடி மடிப்பு,
மருந்துக்கடை மூலை.
ஓட்டுநர் ட்சீத்ரா கண்ணாடியில் பார்த்தாள்:
"பிடிக்கலையா?"
"பிடிச்சுட்டேன்" என்றேன்.
அவள் மணியடித்து வண்டியை எடுத்தாள்.

அன்றிரவு ஆறு படத்துக்கு முன்னால்
ஏழாவதாக ஒன்று வைத்தேன்.
அதில் அவன் எதுவும் செய்வதில்லை.
தோள் மட்டும் கொஞ்சம் கீழே.
ஐனார்ஸ் மூன்று தடவை ஓடவிட்டான்,
நாலாவது தடவை நிறுத்திவிட்டு,
"எதுக்காக இப்படி ஓடுறான்?" என்றான்.

டிக்கெட் எடுக்கலை, என்றேன்.